சந்தனம் பட்ட ஃப்ளாப்பி

பல்கலைக்கழகக் கணினி மையத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்குப் போகிறவர்கள்கூட அவ்வளவு ஒழுங்காகச் செருப்பைச் சேர்த்து வைத்து நான் பார்த்ததில்லை. உள்ளே ஏ.சி. குளிர். வெயிலில் பஸ் பிடித்து வந்த உடம்பு சட்டென்று சிலிர்க்கும். எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு விதிமுறைப் பட்டியலை மாட்டியிருந்தார்கள். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

சாப்பிடக் கூடாது. சத்தமாகப் பேசக் கூடாது. ஈரக் குடையை உள்ளே கொண்டுவரக் கூடாது. சொந்த வேலைக்கு இயந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. ஃப்ளாப்பியை வெளியே எடுத்துப் போகக் கூடாது. எந்தக் காரணத்தாலாவது வெளியே போய்வந்த ஃப்ளாப்பியை, ஆப்பரேட்டர் பார்த்துச் சுத்தம் செய்யாமல் இயந்திரத்தில் போடக் கூடாது. இத்தனை கூடாதுகளையும் எழுதிய மனிதருக்கு, 'இன்னது செய்யலாம்' என்று ஒரு வரியாவது எழுதக் கை வந்திருக்காதா என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

நான் பொறுமைசாலி இல்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டே பிறந்தவள் என்பது அம்மா எனக்குக் கொடுத்த சான்றிதழ். எண்பதுகளின் முதல் பாதி அது. எங்களுக்குப் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். அப்பா திருவனந்தபுரத்தில், சாலை என்கிற கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் என்று ஒரு நாளைக்கு மூன்று வாய் வைத்துக்கொண்டு நான் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன்.

ஆராய்ச்சி விழிஞ்ஞத்து மீனவர் குடியிருப்புகளைப் பற்றியது. குடிதண்ணீருக்குப் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எத்தனை நடை நடக்கிறார்கள், அந்த நேரத்தில் கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினேன். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. பிறகு அந்தத் தாள்களையெல்லாம் கணினி மையத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்ற வேண்டும். வாரத்துக்கு இரண்டே இரண்டு மணி நேரம்தான் எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். அதிலும் பாதி நாள் கரண்ட் இருக்காது. எட்டு மாதம் அப்படி ஏற்றியது அத்தனையும் ஒரே ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. ஆளுக்கு ஒன்றுதான் தருவார்கள். இன்னொன்று வேண்டுமென்றால் மனு எழுத வேண்டும், அந்த மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று தேடி அலைய வேண்டும். நான் எழுதிய மனு கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு ஃப்ளாப்பி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் கறுப்பாக, சதுரமாக, மெலிதாக ஒன்று. அந்தக் கறுப்பு உறைக்குள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு வட்டத் தகடு சுழலும். உறையில் நீளவாக்கில் ஒரு திறப்பு உண்டு. அதன் வழியாகத்தான் இயந்திரத்தின் ஹெட் என்கிற சின்ன முனை தகட்டைத் தொட்டுப் படிக்கும். அந்தத் திறப்பில் விரல் படக்கூடாது, தூசி படக்கூடாது, மூச்சுக்காற்றுகூடப் பலமாகப் படக்கூடாது.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் மையத்து ஆப்பரேட்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். பாறசாலைக்காரர், நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர் என்பதால் நான் 'அண்ணே' என்று கூப்பிடுவேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள். தினமும் காலையில் பாறசாலையிலிருந்து பஸ் ஏறித் தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கி நடந்தே வருவார். நாலு வருஷமாகத் தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு உத்தரவு வரும். அந்த வருஷம் பூஜை விடுமுறைக்குப் பிறகு அவரை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு இருந்தது. அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் புதிதாக இரண்டு சட்டை தைத்திருந்தார்.

எனக்கும் ஒரு கெடு இருந்தது. என் பதிவுக்காலம் முடிய நாலு வாரம்தான் பாக்கி. பூஜை விடுமுறை முடிந்து மையம் திறக்கும் நாளில் அட்டவணைகளை அச்செடுத்து வழிகாட்டியிடம் கொடுத்தால் ஆய்வேட்டை முடித்துவிடலாம். அது தவறினால் பதிவு காலாவதி. மறுபடி முதலிலிருந்து. என்னால் அது முடியாது என்று எனக்குத் தெரியும்.

நவராத்திரி அஷ்டமி நாள் மதியத்தோடு மையத்தை மூடினார்கள். கேரளத்தில் அன்று சாயங்காலம் பூஜைக்கு வைத்துவிடுவார்கள். புத்தகமும் கருவிகளும் சாமி முன்னால் போய்விட்டால் விஜயதசமி காலை வரை எழுத்தும் இல்லை, படிப்பும் இல்லை. மையத்திலும் மூடுவதற்கு முன் ஒரு சின்னப் பூஜை நடந்தது. எந்த விதிமுறையிலும் அதற்கு இடமில்லைதான். ஆனால் இயக்குநரே வந்து கைகூப்பி நின்றார். ஆப்பரேட்டர் அண்ணன் குளித்து நெற்றியில் சந்தனக் குறி இட்டு, கணினியின் பக்கவாட்டில் ஒரு சந்தனப்பொட்டு, அச்சு இயந்திரத்துக்கு ஒன்று, ஃப்ளாப்பி போடும் டிரைவின் கதவில் ஒன்று என்று வரிசையாக வைத்துக்கொண்டு போனார். அவர் முகத்தைப் பார்த்தால் வேண்டுதல் என்னவென்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

எல்லோரும் தங்கள் ஃப்ளாப்பியை மூன்று நாளுக்கு அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும், பதிவேட்டில் ஆப்பரேட்டர் 'பெற்றுக்கொண்டேன்' என்று சுருக்கொப்பம் போட வேண்டும். எனக்கு அந்த அலமாரியில் நம்பிக்கை இல்லை. போன ஓணத்துக்கு அதில் வைத்த ஒருவருடைய ஃப்ளாப்பியில் வேறு யாரோ தெரியாமல் தங்கள் வேலையை ஏற்றி, அவருடையதை அழித்திருந்தார்கள். என் எட்டு மாதத்தை நான் அங்கே விட்டுப்போக மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். பெரிய ரெக்கார்டு நோட்டுக்குள் ஃப்ளாப்பியைச் செருகினேன்.

அண்ணன் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றபடியே, "வச்சாச்சா?" என்று கேட்டார்.

"வச்சாச்சு அண்ணே," என்றேன்.

அவர் பதிவேட்டை இடது கையால் இழுத்து, என் பெயருக்கு நேரே ஒப்பம் போட்டார். அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது எனக்கு மனசில் ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை. உள்ளபடி சொன்னால், ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவிடம், "இதத் தொட்டுராதீங்க, நான் அலைஞ்சது எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு," என்று சொன்னேன். ஒரு இடத்தில் உட்காரப் பிடிக்காமல் கடைத்தெரு வரை நடந்துவிட்டு வந்தேன். ஒரு மணி நேரம்கூட இருக்காது. திரும்பி வந்தபோது பூஜை அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் புத்தகங்கள் பட்டுத்துணியின்மேல் அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, மேலே போட்டிருந்த காகித உறையைக் கழற்றி, ஃப்ளாப்பி.

அதன் நீளத் திறப்பில், பழுப்புத் தகடு தெரிகிற அதே இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

நான் கத்தவில்லை. ஏன் செய்தீர்கள் என்று எப்படியோ கேட்டேன். அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை.

"எல்லாம் இதுக்குள்ளதான் இருக்குன்னு நீதான மக்ளே சொன்ன," என்றாள். "பொறவு அத மட்டும் வைக்காம இருக்க முடியுமா? முகம் மாதிரி இருந்த எடம் பாத்துதான் பொட்டு வச்சேன்."

இப்போதே எடுக்க வேண்டும் என்றேன். பூஜைக்கு வைத்ததை நடுவில் எடுத்தால் படிப்பு விளங்காது என்றாள். நான் வாதாடினேன், கெஞ்சினேன், சாப்பிட மாட்டேன் என்றேன். அம்மா பூஜை அறை வாசலிலேயே அரிவாள்மணையைப் போட்டுக் காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

அந்த இரண்டு இரவும் ஒரு பகலும் நான் குட்டி போட்ட பூனையாக வீட்டைச் சுற்றி வந்தேன். சந்தனம் காய்ந்துகொண்டிருக்கும். காய்ந்தால் உதிரும். உதிர்ந்தால் உள்ளே போகும். நவமியன்று வீட்டில் இருக்க முடியாமல் பஸ் ஏறி விழிஞ்ஞம் போனேன். கரையில் வள்ளங்களுக்கும் சந்தனம் வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கப் பிடிக்காமல் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். தம்பானூரில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல், எந்த ஊர் பஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்று பலகை பலகையாகப் படித்துக்கொண்டு நின்றேன். இன்றுவரை எனக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. கண்ணாடிச் சட்டம் போட்ட விதியை ஒரு நிமிஷத்தில் மீறினேன். அம்மாவின் விதியை இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மதித்தேன். அம்மா குளிக்கப் போன நேரத்தில் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. படிப்பு விளங்காமல் போய்விடுமோ என்று எனக்கும் பயமாக இருந்தது.

விஜயதசமி காலையில் பூஜை எடுத்ததும் அம்மா அரிசியில் என்னை எழுத வைத்தாள். எழுதின கையோடு ஃப்ளாப்பியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போனேன். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். நடு ஓட்டையில் விரலை விட்டுத் தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி, தெரிந்த இடத்தையெல்லாம் துடைத்தேன். மின்விசிறிக் காற்றில் காய வைத்தேன். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. முகர்ந்து பார்த்தால் மட்டும் சந்தனம் மணத்தது.

மறுநாள் காலை மையம் திறந்தபோது முதல் ஆளாக நின்றேன். ஆப்பரேட்டர் அண்ணன் அலமாரியைத் திறந்தார். நானே எடுத்துக்கொள்கிறேன் என்று முந்திக்கொண்டு போய், அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று நோட்டிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்தேன். அந்த நிமிஷத்தில்கூட வழி இருந்தது. அவரிடம் நீட்டி, இது வெளியே போய்வந்தது, பாருங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் அவர் மேசையில்தான் இருந்தன. ஆனால் அவர் பார்த்துவிட்டு இதை இயந்திரத்தில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டால்? நான் போட்டுவிட்டேன்.

டிரைவ் முனகியது. முதல் தடவை படிக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை படித்தது. அட்டவணைகள் ஒவ்வொன்றாக அச்சாகி, மடிந்து மடிந்து விழுந்தன. எனக்கு அழுகை வந்தது. தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்பின் வாரைக்கூட மாட்டாமல் வழிகாட்டியின் அறைக்கு ஓடினேன்.

மதியம் நான் திரும்பி வந்தபோது எல்லோரும் டிரைவைச் சுற்றி நின்றார்கள். எனக்குப் பிறகு இரண்டு பேர் அதே டிரைவில் ஃப்ளாப்பி போட்டிருக்கிறார்கள். இரண்டுமே போய்விட்டன. அதில் ஒருவர் தாவரவியல்காரர். நினைத்தாலே மூச்சு வாங்கும் பொன்முடி மலைச் சரிவுகளில் ஏறி இறங்கிச் செடிகளை எண்ணிக் கொண்டுவந்தவர். அதிகம் பேசாத மனிதர். தன் ஃப்ளாப்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார். தகட்டில் வட்டமாக ஒரு கீறல் தெரிந்தது.

ஆப்பரேட்டர் அண்ணன் டிரைவைக் கழற்றி ஹெட்டைப் பார்த்தார். மஞ்சளும் சிவப்புமாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். நான் அவருக்கு இரண்டடி பின்னால்தான் நின்றேன். அவர் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, வந்து நின்ற இயக்குநரிடம் சொன்னார்.

"எங் கைதான் சார். கதவுல நான் வச்ச சந்தனந்தான் உள்ள உதுந்திருக்கு."

அவர் யாரையும் காப்பாற்ற அப்படிச் சொல்லவில்லை. அவர் அதை நம்பினார். அவர் கதவில் வைத்த சந்தனத்தில் குங்குமம் இருந்ததா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை நான் அதுவரை பேச்சுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று பாவம் அந்த ஏ.சி. அறையில் வெறுங்காலோடு நின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருந்தது.

எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் அவருடைய நீட்டிப்புக் கோப்பை மேலே அனுப்பாமல் நிறுத்தி வைத்திருப்பதாகப் பேச்சு வந்தது. நான் அன்றைக்கும் சொல்லவில்லை. சொன்னால் என் அட்டவணைகளை ரத்து செய்வார்கள், பதிவு போய்விடும் என்று பயந்தேன். அடுத்த நாளும் அப்படியே போனது. சோறு இறங்கவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பூஜை நல்லபடியாகத்தானே முடிந்தது, பிறகென்ன என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் காலை இனி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்று தோன்றியது. மையத்துக்குப் போனேன். ஆப்பரேட்டர் அண்ணன் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அட்டவணையெல்லாம் சரியாக வந்ததா என்று கேட்டார். நான் ஏதோ முனகிவிட்டு அவரைத் தாண்டி நேரே இயக்குநர் அறைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். நோட்டு, பொய், அம்மாவின் சந்தனம், ஈரப் பஞ்சு எல்லாவற்றையும். சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு சீராக வந்தது. இனி அண்ணன் தப்பித்தார் என்று நினைத்தேன்.

இயக்குநர் கோபப்படவில்லை. பதிவேட்டை வரவழைத்தார். அஷ்டமி நாளின் பக்கத்தைப் புரட்டி, என் பெயருக்கு நேரே இருந்த சுருக்கொப்பத்தில் விரலை வைத்தார். சந்தனம் வைத்ததற்காக அந்த மனிதரை எச்சரித்து விட்டுவிடலாம் என்றுதான் தாம் இருந்ததாக மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். பூஜையில் தாமே நின்றதால் அதைப் பெரிதாக்க அவருக்கு மனமில்லையாம். கோப்பை இரண்டு நாள் நிறுத்தி வைத்ததுகூட மற்றவர்கள் வாயை அடைக்கத்தான். ஆனால் இது வேறு. பார்க்காத பொருளைப் பெற்றுக்கொண்டதாகப் பதிவேட்டில் ஒப்பம் போட்டிருக்கிறார். இதை நான் இப்போது சொல்லிவிட்டேன். கேட்ட பிறகு கேட்காத மாதிரி தம்மால் இருக்க முடியாது என்றார்.

சொன்னதில் எதையாவது திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தேன். நான் பொய் சொன்னதால்தான் அண்ணன் ஒப்பமிட்டார் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, அவர் பார்க்காமல் ஒப்பமிட்டது இன்னும் உறுதியாகிக்கொண்டே போனது.

நான் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், மையத்துக்குள் வர எனக்கு மூன்று மாதத் தடை போட்டார்கள். வழிகாட்டி பரிந்து பேசியதால் அட்டவணைகளை ஏற்றுக்கொண்டார்கள். தாவரவியல்காரரிடம் போய், உங்கள் குறிப்பேடுகளை நான் பிரதி எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ஆப்பரேட்டர் அண்ணனுக்கு அந்த வாரக் கடைசியில் நீட்டிப்பு இல்லை என்று உத்தரவு வந்தது.

அன்று சாயங்காலம் அவரைத் தேடித் தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் போனேன். பாறசாலை பஸ் நிற்கும் இடத்தில் புதுச்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் என்னவெல்லாமோ சொன்னேன். எனக்குத்தான் எல்லாம் கிடைத்தது, தண்டனை உங்களுக்கு வந்துவிட்டது என்றேன். அழுதேன். வேறு யாராவது என்றால் திட்டியிருப்பார்கள், அல்லது பரவாயில்லை என்று சொல்லியிருப்பார்கள். அவர் இரண்டையும் செய்யவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"நீ சொன்னது தப்பில்ல மோளே," என்றார். "ஆனா அன்னைக்கு வாசல்ல நான் நின்னேன்லா. எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம். ரெண்டு பேருமாப் போயிச் சொல்லியிருப்போம்."

பின்னால் ஆய்வேட்டின் நன்றியுரையில் அவருக்கு ஒரு வரி எழுதினேன், பிறகு அதைப் படிக்க முடியாமல் அடித்தேன். பாரத்தை இறக்கி வைக்கிற அவசரத்தில் அது யார் தலையில் இறங்குகிறது என்று நான் பார்க்கவில்லை.

பாறசாலை பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்டக்டர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பும்வரைகூட நான் அங்கே நிற்கவில்லை.